பிரெஞ்சு மொழியில் விருப்பமும் அன்பும் உரைக்கும் முறை

அயல்மொழி யொன்றைக் கற்கத் தொடங்குவோர் முதலிற் பொருள்களின் பெயர்களையும், பின்னர் எண்களையும், அதன்மேல் வினைகளின் கால வேறுபாடுகளையும் மனப்பாடஞ் செய்கின்றனர். இவை யாவும் நினைவாற்றலாலும் விடாமுயற்சியாலும் எய்தத்தக்கன. ஆயின், 'இது எனக்குப் பிடிக்கும்' என்றும், 'இவரிடத்தில் எனக்கு அன்புண்டு' என்றும் சொல்லப் புகும்போதுதான், மனப்பாடம் மட்டும் போதாது என்பது தெரியவரும். மரத்தை மரமென்றும் நீரை நீரென்றும் குறிப்பதில் மொழிகளுக்குள் பெரும் பிணக்கில்லை. உள்ளத்தின் விருப்பங்களை எத்தனை கூறாக்குவது, ஒவ்வொரு கூற்றுக்கும் எப்பெயரிடுவது என்பதில் ஒரு மொழி செல்லும் வழி வேறு. மற்றொரு மொழி செல்லும் வழி வேறு.

நம் நாட்டு மாணவரிற் பெரும்பாலார் பிரெஞ்சு மொழியை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கண நூல்களின் வாயிலாகவே பயில்கின்றனர். அதனால் ஆங்கிலம் பேசுவோர்க்கு அம்மொழியில் நேரும் இடர்கள் நம்மவர்க்கும் நேர்கின்றன. அவற்றுட் சில, ஆங்கில வழியை விட்டுத் தமிழ் வழியே நோக்கினால் இடர்களாகவே தோன்றா. இதனை எடுத்துக்காட்டுதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பிரெஞ்சுச் சொற்களை இங்குத் தமிழெழுத்திலேயே தருகின்றோம். தமிழெழுத்து அவ்வொலிகளை முற்றும் காட்டவல்லதன்று. ஏறக்குறைய உணர்த்தும் அவ்வளவே. 'நான்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை 'ழெ' என எழுதுவோம். அம்மொழியின் அவ்வொலிக்கு ழகரத்தை இடுதல் தமிழில் எழுதுவோர் பலர் கைக்கொண்ட வழக்கம். அதனை நம் ழகரம்போல் நாவை வளைத்து ஒலியாமல், பல்லுக்குப் பின்னே நாவை நிறுத்தி, காற்று உராய்ந்து வருமாறு ஒலித்தல் வேண்டும்.

ஒரு சொல்லும் இரு சொல்லும்

ஆங்கிலத்தில் விருப்பத்தைக் குறிக்க 'லைக்', 'லவ்' என்னும் இரு வினைகள் உள்ளன. முன்னது மென்மையானது; பின்னது வலியது. பிரெஞ்சு மொழியிலோ இவ்விரண்டின் இடத்தையும் 'எமே' என்னும் ஒரே வினை நிரப்புகின்றது. 'ழெம் லெ கஃபே' என்றால் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது பொருள். 'ழெ தெம்' என்றால் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்றோ, தாய் தன் மகவை நோக்கிச் சொல்லுங்கால் 'உன்மேல் எனக்கு உயிர்' என்றோ பொருள்படும். வினை ஒன்றே, அதன் வலிமையை வரையறுப்பது அவ்வினை சென்று பற்றும் பொருளேயாகும். அஃறிணைப் பொருளைப் பற்றினால் விருப்பம். உயர்திணையைப் பற்றினால் அன்பு அல்லது காதல். மொலியேர் முதலிய ஆசிரியர் பெயரோடு வந்தால் அவர்தம் நூல்களிலுள்ள சுவையைக் குறிக்கும்.

இதனை முதலிற் கேட்கும் ஆங்கிலேயர், 'இவ்வளவு காதல் நூல்களையுடைய மொழியில் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டச் சொல் இல்லையோ?' என வியப்பர். சொல் இல்லாமலில்லை. வேறு சொல்லால் பிரிப்பதை, பிரெஞ்சு மொழி அடை கொடுத்துப் பிரிக்கின்றது. இங்கேதான் புதிதாய்க் கற்போர் பெரிதும் தடுமாறுவர்.

கூட்டக் குறையும் சொற்கள்

'பியேன்' என்றால் 'நன்றாக'. 'போக்கூ' என்றால் 'மிகுதியாக'. இவ்விரண்டையும் எவ்வினையோடு சேர்த்தாலும் அவ்வினை வலுப்பெறும் என்றே எவரும் எண்ணுவர். பொருள்களைப் பற்றிச் சொல்லுமிடத்து 'போக்கூ' அவ்வாறே வலுவூட்டுகின்றது. 'ழெம் போக்கூ லெ தே' என்பது 'தேநீர் எனக்கு மிகவும் பிடிக்கும்' என்றே பொருள்படும். 'ழெம் பியேன் லெ தே' என்பது சிறிது தணிந்த விருப்பம், 'தேநீர் பிடிக்கும், தந்தால் மகிழ்வேன்' என்னுமளவினது.

மக்களைப் பற்றிச் சொல்லுமிடத்தோ நிலைமை தலைகீழாகின்றது. 'ழெ தெம்' என்பதே உச்சநிலை. அதனோடு 'பியேன்' சேர்த்து 'ழெ தெம் பியேன்' என்றால், 'நீ எனக்குப் பிடித்தவன். உன்னிடத்தில் எனக்கு நல்லெண்ணம் உண்டு' என்னும் நட்பின் அளவிற் பொருள் இறங்கிவிடும். 'போக்கூ' சேர்த்தாலும் அதுவே. நட்பு சற்று மிகும், ஆயினும் காதலாகாது. ஆகவே அடையில்லாத வினையே முழுமை. அடை சேர்ந்தது அம்முழுமைக்கு ஓர் எல்லை கட்டியதாகும். நீரை 'நீர்' என்று சொன்னால் அளவில்லை. 'ஒரு குடம் நீர்' என்றால் அளவு வந்துவிடுகின்றது. அதுபோலவே 'மிகுதியாக' என்பதும் ஓர் அளவுதானே!

இந்நுட்பம் அறியாதவர்க்கு நேரக்கூடிய கேடு இருவகைத்து. தன் நண்பரை நோக்கி 'உம்மை எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லக் கருதிய ஆங்கிலேயர் ஒருவர், அகராதியை நோக்கி 'ழெ தெம்' என்பாராயின், அவர் நட்புரை காதலுரையாய்க் கேட்கப்படும். மாறாக, உண்மையாகவே காதல்கொண்ட ஒருவர், தம் அன்பு பெரிதென்று காட்டுதற்கு 'போக்கூ' என்னும் அடையையும் சேர்த்து எழுதுவாராயின், மடலைப் பெற்றவள் 'இவர் என்னை நண்பராகவே கருதுகின்றார்' என்று மடித்து வைத்துவிடுவாள். முன்னவர் சொன்னது மிகை. பின்னவர் சொன்னது குறை. இருவர்க்கும் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை என்பதே இதில் வருந்தத்தக்கது. ஆசிரியர் சிவப்பு மை கொண்டு திருத்தக்கூடிய பிழையாயின் அது பெரிதன்று. பிழையற்ற வாக்கியம் பிழைபட்ட பொருளைத் தருவதே பெரிது.

இனி அடை நிற்கும் இடத்தையும் நோக்குக. ஆங்கிலத்தில் 'மிகவும்' என்பது வாக்கியத்தின் இறுதியில் வரும். பிரெஞ்சில் அது வினையை ஒட்டி அதன் பின்னே உடனே வருதல் வேண்டும். காபியும் தேநீரும் அதற்குப் பின்னரே. அன்றியும் 'போக்கூ' என்பதற்கு முன் 'மிக' என்னும் பொருளதாகிய 'த்ரே' என்பதைச் சேர்த்தல் வழுவாம்.

சுட்டிடைச்சொல்லின் சிறப்பு

தமிழர்க்கும் ஆங்கிலேயர்க்கும் ஒருங்கே இடர் தருவது, பெயர்க்கு முன் வரும் 'லெ', 'லா', 'லே' என்னும் சுட்டிடைச்சொல்லாகும். இவை முறையே ஆண்பால் ஒருமைக்கும், பெண்பால் ஒருமைக்கும், பன்மைக்கும் உரியன. 'காபி பிடிக்கும்' என்று சொல்லுமிடத்து ஆங்கிலத்திற் சுட்டு இல்லை. தமிழிலோ அவ்வகை இடைச்சொல்லே இல்லை. பிரெஞ்சில் அது கட்டாயம் வருதல் வேண்டும்: 'ழெம் லெ கஃபே', 'ழெம் லா ம்யூசிக்', அதாவது இசை பிடிக்கும், 'ழெம் லே மாங்க்', அதாவது மாம்பழங்கள் பிடிக்கும். எண்ணத்தக்க பொருளாயின் பன்மையில் வருதலையும் காண்க. மாம்பழத்தின் இப்பெயர் நம் நாட்டு 'மாங்காய்' போர்த்துகேசியர் வாய்ப்பட்டுப் பிரெஞ்சு நாடு சென்ற வடிவமேயாகும்.

அதே காபியைப் பருகும்போது இச்சுட்டு மாறிவிடுகின்றது. 'நான் காபி குடிக்கிறேன்' என்பது 'ழெ புவா த்யு கஃபே' எனப்படும். 'த்யு' என்பது 'அதிற் சிறிது' என்னும் பொருள் தருவது. இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவானது. குடிப்பவன் உலகிலுள்ள காபி முழுவதையும் குடித்தல் இயலாது. ஒரு பகுதியையே குடிக்கிறான். விரும்புகிறவனோ ஒரு குவளையை மட்டும் விரும்புகிறானில்லை; காபி என்னும் இனம் முழுவதையும் விரும்புகிறான். நாவுக்கு எல்லையுண்டு, விருப்பத்திற்கு எல்லையில்லை. இக்காரணத்தை ஒருமுறை உணர்ந்தவர்க்கு விதியை மனப்பாடஞ் செய்ய வேண்டுவதில்லை.

எதிர்மறையிலும் இவ்வேறுபாடு நிலைபெறுகின்றது. 'காபி குடிப்பதில்லை' என்னுங்கால் 'ழெ நெ புவா பா தெ கஃபே' எனச் சுட்டு மறைந்து 'தெ' மட்டும் நிற்கும். 'காபி பிடிக்காது' என்னுங்கால் 'ழெ நெம் பா லெ கஃபே' எனச் சுட்டு அழியாது நிற்கும். ஓரினம் முழுவதையும் விரும்புதல் எவ்வாறோ, வெறுத்தலும் அவ்வாறே. மிக விரும்புதலைக் குறிக்கும் 'அதோரே', ஒன்றினும் மற்றொன்றை மேலாகக் கொள்ளுதலைக் குறிக்கும் 'பிரேஃபேரே', வெறுத்தலைக் குறிக்கும் 'தேதெஸ்தே' என்னும் வினைகளுக்கும் இவ்விதியே ஒக்கும்.

இவற்றுள் 'அதோரே' என்பது தெய்வத்தை வழிபடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. திருக்கோயில் வழக்கில் அப்பொருள் இன்றும் வழங்குகின்றது. அன்றாடப் பேச்சிலோ இனிப்புத் தின்பண்டத்திற்கும் அச்சொல்லையே ஆள்வர். ஒருவரை நோக்கி 'ழெ ததோர்' என்பது கொஞ்சுதல் கலந்த பேரன்பைக் காட்டும். ஆயினும் அதனினும் எளிய 'ழெ தெம்' என்பதற்குள்ள உறுதி அதற்கில்லை. பெரிய சொல் பலகாலும் எடுத்தாளப்பட்டுத் தேய, சிறிய சொல் தன் எடை குறையாமல் நின்றது.

'படிக்கப் பிடிக்கும்' என்பதுபோல ஒரு செயலை விரும்புதலைச் சொல்லும்போது, தமிழிற் செயவென் எச்சம் வருமாறு பிரெஞ்சிலும் வினையின் மூலவடிவம் இடையே ஒன்றுமின்றி வரும்: 'ழெம் லீர்'. முன்னர்ச் சொன்ன பொருளை மீண்டும் 'அது பிடிக்கும்' எனச் சுட்டுங்கால் பொதுவகையில் 'ழெம் ஸா' என்பர். ஆங்கிலத்தைப் பின்பற்றி 'ழெ லெம்' என்று சொன்னால் கேட்போர், 'யாரை?' என்று வினவுதலும் கூடும்.

'எனக்கு' என்னும் வேற்றுமை

இனி இவ்வியாசத்தின் நடுநாயகமாகிய பகுதிக்கு வருகின்றோம். 'எமே' என்பதையன்றி, விருப்பத்தை உணர்த்தப் பிரெஞ்சு மொழியில் 'ப்ளேர்' என்னும் வேறொரு வினையும் உண்டு. அதற்கு 'இன்பந்தருதல்', 'மனத்துக்கு ஒத்தல்' என்பது பொருள். 'இந்நூல் எனக்குப் பிடிக்கிறது' என்பதை 'செ லீவ்ர் மெ ப்ளே' என்பர். இங்கு எழுவாயாக நிற்பது நானல்லேன், நூலே எழுவாய். ஆங்கிலம் பேசுவோர்க்கு இது மிக்க மயக்கத்தை உண்டாக்குகின்றது. விரும்புகிறவர் தாமாயிருக்க, நூல் எவ்வாறு எழுவாயாகும் என்று அவர்கள் வாக்கியத்தை மனத்துள் திருப்பிப் பார்த்தே பேச வேண்டியவராகின்றனர்.

தமிழ் மாணாக்கன் அவ்வாறு திருப்ப வேண்டுவதில்லை. அவ்வாக்கியத்தைச் சொற்சொல்லாகப் பிரித்து நோக்குக: 'செ லீவ்ர்' என்பது 'இந்நூல்', 'மெ' என்பது 'எனக்கு', 'ப்ளே' என்பது 'பிடிக்கிறது'. சொற்களின் பொருளும் ஒன்று. அவை நிற்கும் வரிசையும் ஒன்று. தன் தாய்மொழியின் வாக்கியத்தையே வேற்று ஒலியிற் சொல்லுகின்றான். இவ்வளவு நேரான வழியிருக்க, தமிழை ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தைத் தலைகீழாக்கிப் பிரெஞ்சுக்குப் போதல், வீட்டு வாயிலில் ஓடும் வாய்க்காலை விட்டு ஊர்க்கோடிக் கிணற்றுக்குக் குடமெடுத்துச் செல்வதை ஒக்கும்.

விருப்பும் வெறுப்பும் நான்காம் வேற்றுமையை நாடுதல் நம் இலக்கணத்தார்க்குப் புதிதன்று. தொல்காப்பியனார் அவ்வேற்றுமைக்குரிய பொருள்களை வகுக்குமிடத்து நட்பையும் பகையையும் காதலையும் அவற்றுட் சேர்த்து எண்ணினார். ஒருவர் விருப்பத்தைத் தாமே செய்கின்றாரா, அன்றி விருப்பம் அவர்பால் வந்து சேர்கின்றதா என்னும் வினாவுக்கு, 'வந்து சேர்கின்றது' என்று விடை கூறும் மொழிகள் அவ்வேற்றுமையைக் கைக்கொள்ளுகின்றன. ஆங்கிலமும் தன் பழைய நிலையில் இவ்வாறே இருந்தது. 'லைக்' என்னும் வினையின் மூலவடிவம் அக்காலத்தில் 'இன்பந்தருதல்' என்னும் பொருளதாய், பிடித்த பொருளை எழுவாயாகவும், விரும்பியவரை நான்காம் வேற்றுமையிலும் கொண்டிருந்தது. காலப்போக்கில் அவ்வமைப்புத் திரும்பிவிட்டது. பிரெஞ்சில் வேண்டிக்கொள்ளுதற்கு ஆளும் 'சில் வூ ப்ளே' என்னும் தொடரும் 'உங்களுக்குப் பிடிக்குமாயின்' என்று பொருள்படுவதேயாம். ஆங்கிலத்தார் வேண்டுகோளில் ஆளும் 'ப்ளீஸ்' என்பதும் பழைய பிரெஞ்சிலிருந்து சென்ற இவ்வினையின் வடிவமே.

எனினும், ஒற்றுமையை நம்பி வேற்றுமையை மறத்தலாகாது. தமிழிற் 'பிடிக்கும்' என்னும் சொல் ஒருமை பன்மை, திணை பால் எவையாயினும் மாறாது நிற்கும். பிரெஞ்சு வினையோ எழுவாய்க்கேற்ப மாறும். நூல்கள் பலவாயின் 'சே லீவ்ர் மெ ப்ளேஸ்' என வினையும் பன்மையாகும். இறந்தகாலத்தில் 'மா ப்ளு' என்று வரும். மேலும், தமிழில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என ஒருவரைச் சொல்லுங்கால் இரண்டாம் வேற்றுமை புகுகின்றது. பிரெஞ்சில் 'த்யு மெ ப்ளே' என 'நீ' என்பதே எழுவாயாகும். அன்றியும் அத்தொடர் நட்பைக் காட்டாமல், ஒருவர் அழகிலோ பண்பிலோ மனம் ஈடுபட்டதைக் காட்டுவது. ஆகையால் அதனைக் கண்டவிடமெல்லாம் வழங்குதல் தகாது.

இவ்வமைப்பையே உடையது பிரிவை உணர்த்தும் 'மான்கே' என்னும் வினையும். ஒருவர் அருகில் இல்லாமையால் உண்டாகும் ஏக்கத்தைச் சொல்ல ஆங்கிலேயர் தம்மை எழுவாயாகவும் பிரிந்தவரைச் செயப்படுபொருளாகவும் வைப்பர். பிரெஞ்சுக்காரர் 'த்யு மெ மான்க்' என்பர். சொற்சொல்லாகப் பெயர்த்தால் 'நீ எனக்குக் குறைகின்றாய்', அதாவது 'நீ இல்லாதது எனக்குக் குறையாயிருக்கின்றது' என்றாகும். ஆங்கிலச் சொல்லமைப்பை அப்படியே பின்பற்றி 'ழெ தெ மான்க்' என்று எழுதுகின்றவர், 'என் பிரிவால் நீ ஏங்குகின்றாய்' என்று சொன்னவராவர். தூரதேசத்தில் விடுதியிலிருந்து தன் தாய்க்கு எழுதும் மகன் இவ்வாறு எழுதினால், தன் ஏக்கத்தைச் சொல்லக் கருதித் தாயின் ஏக்கத்தைப் பெருமையோடு எடுத்துரைத்ததாய் முடியும். 'குறை' யாரிடத்து, 'இல்லாதவர்' யார் என்று தமிழில் நினைத்துச் சொல்பவனுக்கு இம்மயக்கம் இல்லை.

நீயும் நீங்களும்

மற்றுமோரிடத்திலும் தமிழ் நமக்குத் துணைசெய்கின்றது. ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கும் பன்மைக்கும், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் ஒரே சொல்தான் இன்று வழங்குகின்றது. பிரெஞ்சில் 'த்யு' என்பது 'நீ'. 'வூ' என்பது 'நீங்கள்' அல்லது 'நீர்'. 'ழெ தெம்' என்பதோடு 'ழெ வூ ஸெம்' என்பதும் உண்டு. பழைய நாடகங்களிலும் கதைகளிலும் காதலர் முதலில் 'வூ' என்று தொடங்கி, நெருக்கம் முதிர்ந்தபின் 'த்யு' என்று மாறும் இடத்தைப் படிக்கும் ஆங்கிலேயர்க்கு அங்கு என்ன நிகழ்ந்தது என்பது விளங்க உரை வேண்டும். 'நீங்கள்' என்பது 'நீ' ஆகுமிடத்தில் உறவு எங்ஙனம் மாறுகின்றது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

காதலிற் படுதலை 'தோம்பே அமூரெ' என்பர். 'காதலன் ஆகி வீழ்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். சொல்லுகிறவள் பெண்ணாயின் 'அமூரெஸ்' என்று பெண்பால் ஈறு பெறும். யாரிடத்துக் காதல் என்பதற்கு ஆங்கிலத்தைப் போல 'உடன்' என்னும் பொருளதாகிய 'அவெக்' வாராது. 'தெ' என்பதே வரும். ஆங்கில வழி கற்பவர் பலகாலும் இடறும் கல் இதுவாகும்.

விருப்பத்தைப் பணிவாகத் தெரிவித்தலும் இங்கே குறிப்பிடத்தக்கது. கடையிலோ விருந்திலோ 'ழெ வெ', அதாவது 'எனக்கு வேண்டும்' என்று கேட்பது சிறு குழந்தையின் பிடிவாதம்போல் ஒலிக்கும். 'ழெ வூத்ரே' என்றோ 'ழெம்ரே' என்றோ நிபந்தனை வடிவத்தில், 'கிடைக்குமாயின் விரும்புவேன்' என்னும் குறிப்போடு கேட்டலே பண்புடையார் வழக்கம்.

மறுத்துச் சொல்லும் விருப்பம்

பிரெஞ்சு மக்கள் பாராட்டைப் பலகாலும் எதிர்மறையாற் சொல்லுவர். நல்ல உணவை உண்டபின் 'தீதன்று' என்னும் பொருளில் 'பா மால்' என்றால், அது குறை கூறுதலன்று, புகழே. 'நான் இதை வெறுக்கவில்லை' என்றால், பெரிதும் விரும்புகிறேன் என்று கொள்ளுதலும் உண்டு. இவ்வழக்கின் பெருமையைக் கொர்னேய் என்னும் நாடகாசிரியர் 1637ஆம் ஆண்டு அரங்கேறிய 'லெ சித்' என்னும் நாடகத்திற் காணலாம். ரொத்ரீக் என்பான், தன் தந்தைக்கு நேர்ந்த இழிவைத் துடைக்கும் பொருட்டுத் தன் காதலியாகிய ஷிமேன் என்பாளின் தந்தையை வாட்போரிற் கொல்லுகின்றான். பின்னர் அவள்முன் வந்து தன்னுயிரைக் கொள்ளுமாறு வேண்டுகின்றான். தந்தையைக் கொன்றவனைக் காதலிப்பதாகச் சொல்ல அவள் கடமை இடந்தராது. சொல்லாதிருக்க அவள் நெஞ்சம் இடந்தராது. தான் அவனை வெறுக்கவில்லை என்று மட்டும் அவள் கூறுகின்றாள். அச்சிறு மறுப்புரையைப் பிரெஞ்சு நாட்டு மாணவர் இன்றளவும் இலக்கண வகுப்பிற் குறைத்துக் கூறும் அணிக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கின்றனர்.

அன்பின் படிகளை அளந்து பார்த்தலிலும் அந்நாட்டார்க்கு நெடுங்காலமாக விருப்பமுண்டு. மதலேன் தெ ஸ்கியுதேரி என்னும் பெண்மணி 1654 முதல் 1660 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'கிளேலி' என்னும் நெடுங்கதையில், அன்பு நாட்டின் நிலப்படம் ஒன்று வரையப்பட்டுள்ளது. புது நட்பு என்னும் ஊரிலிருந்து புறப்படும் வழிப்போக்கர், மனச்சாய்வு, மதிப்பு, நன்றியறிதல் என்னும் மூன்று ஆறுகளின் கரையிலுள்ள மூன்று நகரங்களுள் ஒன்றை அடைதல் வேண்டும். வழிதவறியவர் பாராமுகம் என்னும் ஏரியிற் சென்று வீழ்வர். அப்பால் இருப்பது அபாயக் கடல். சிறுமியர் வெண்ணிறக் காட்டுமலரின் இதழ்களை ஒவ்வொன்றாய்ப் பறித்துக் காதலை ஆராயும் விளையாட்டிலும், ஆங்கிலச் சிறுமியர் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே எண்ண, பிரெஞ்சுச் சிறுமியர் சிறிது, மிகுதி, பெருவேட்கை, பித்து, சற்றுமில்லை எனப் பலவாக எண்ணுவர். வினை ஒன்றாயிருத்தலால் அன்பின் வகை ஒன்றேயென அவர் கருதினாரல்லர் என்பது இவற்றால் விளங்கும்.

அமூர் என்னும் சொல்லின் வரலாறு

'எமே' என்பது இலத்தீன் மொழியின் 'அமாரே' என்பதன் வழிவந்தது. பழைய பிரெஞ்சில் அழுத்தம் விழுமிடத்து 'எ' என்றும், அழுத்தமில்லாதவிடத்து 'அ' என்றும் அவ்வினையின் முதலெழுத்து மாறி ஒலித்தது. பின்னர் 'எ' என்பதே எங்கும் பரவியது. காதலைக் குறிக்கும் பெயராகிய 'அமூர்' என்பது இன்னும் வியப்பிற்குரியது. மலரைக் குறிக்கும் 'ஃப்ளேர்', துன்பத்தைக் குறிக்கும் 'தூலேர்', நிறத்தைக் குறிக்கும் 'கூலேர்' என்பவற்றைப் போல, ஒலிமாற்ற விதிப்படி இஃது 'அமேர்' என்று முடிந்திருத்தல் வேண்டும். அவ்வாறாகாமல் 'அமூர்' என நின்றதற்குக் காரணம், தென்பிரெஞ்சு நாட்டு அகப்பொருட் பாணர்களின் செல்வாக்கேயென மொழிநூலார் கூறுவர். வடநாட்டார் தம் வீட்டுச் சொல்லை விடுத்துப் பாடல்களிற் கேட்ட சொல்லை ஏற்றுக்கொண்டனர் போலும். இச்சொல் ஒருமையில் ஆண்பாலாகவும், இலக்கிய வழக்கிற் பன்மையிற் பெண்பாலாகவும் நிற்றல் மற்றொரு விந்தை.

நம் திருக்குறளின் மூன்றாம் பால் 1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக வெளிவந்தபோது, அதன் பெயரிலும் இவ்வமூரே இடம்பெற்றது. நாம் அன்பு, காதல், காமம், நேசம், பாசம், பற்று என்று பலவாகப் பிரித்து வழங்குவனவற்றுட் பெரும்பகுதியை அவ்வொரு சொல் தாங்குகின்றது. ஆகவே பெயர்க்குந்தோறும் இடம் நோக்கிச் சொல் தேர்தல் தமிழர் கடமையாகும்.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை, ஆங்கிலத்தின் உதவியின்றித் தமிழிலிருந்து நேரே பெயர்த்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம்.

1. எனக்கு இசை பிடிக்கும்.
2. இவ்வூர் எனக்குப் பிடித்தது.
3. தேநீரினும் காபியையே விரும்புகிறேன்.
4. அவரை எனக்குப் பிடிக்கும், நல்ல நண்பர்.
5. அம்மா, நீ அருகில் இல்லாதது எனக்குக் குறையாயிருக்கின்றது.
6. அருள்கூர்ந்து ஒரு குவளை நீர் வேண்டும்.

விடைகள் முறையே வருமாறு: 'ழெம் லா ம்யூசிக்', 'செத் வீல் மா ப்ளு', 'ழெ பிரேஃபெர் லெ கஃபே ஓ தே', 'ழெ லெம் பியேன்' என்பது நான்காவதன் முற்பகுதி, பிற்பகுதியை மாணவர் தாமே முயல்க, 'மமான், த்யு மெ மான்க்', 'ழெ வூத்ரே அன் வேர் தோ, சில் வூ ப்ளே'.

முடிவுரை

மொலியேர் 1670ஆம் ஆண்டு இயற்றிய 'லெ பூர்ழுவா ழாந்தியோம்' என்னும் நகைச்சுவை நாடகத்தில், உயர்குடியாளர் போல் விளங்க விரும்பிய செல்வன் ஒருவன், ஒரு சீமாட்டிக்குக் காதல் மடல் எழுதித் தருமாறு தன் தத்துவ ஆசிரியனை வேண்டுகின்றான். ஆசிரியன் அவன் சொன்ன அச்சிறு வாக்கியத்தின் சொற்களையே பலவாறு முன்பின்னாக மாற்றிக் காட்டுகின்றான். இவற்றுட் சிறந்தது எது என்று மாணவன் கேட்க, முதலில் நீ சொன்னதே என்று ஆசிரியன் விடை கூறுகின்றான். அவையோர் நகைக்கின்றனர், ஆயினும் அந்நகைப்பினுள் ஓர் உண்மையுண்டு. அன்பைச் சொல்லுமிடத்துச் சொல்லை மிகுத்தலால் அன்பு மிகுவதில்லை. அடையற்ற சிறு தொடரே அங்கு முழுமையானது என்று அம்மொழியின் இலக்கணமே நமக்குக் கற்பிக்கின்றது.

புதுச்சேரியும் காரைக்காலும் 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், தமிழ்நாட்டார்க்கு அம்மொழி முற்றிலும் அந்நியமானதன்று. அதனைப் பயிலும் நம் மாணவர், ஆங்கிலத்தாற் பெறும் பயனைப் பெறுக. ஆனால் 'எனக்கு', 'நீங்கள்', 'படிக்கப் பிடிக்கும்' என்னும் தம் வீட்டுச் சொற்கள் காட்டும் வழியையும் மறவாதிருப்பாராக. தாய்மொழியை நன்கு நோக்கியவனுக்கு அயல்மொழி பாதி தெரிந்ததாகவே அமைகின்றது. எஞ்சிய பாதியே உழைப்புக்கு உரியது.